சொத்தும் அதில் உறையும் உரிமையும்
ராஜாஜியின் சுதந்திராக் கொள்கை: ஒரு மதிப்பீடு

சென்னை தியாகராய நகரில் பஸ்லுல்லா சாலை என்றொரு சாலை இருக்கிறது. ‘பத்ல்’ என்னும் அரபுச் சொல்லுக்கு மனமுவந்து வழங்குதல், கையிலுள்ளதைத் தாராளமாகச் செலவிடுதல் என்பது பொருள். நம் நாட்டு வழக்கில் அது ‘பஸ்ல்’ ஆயிற்று. இறைவனின் கொடை என்னும் கருத்தைத் தாங்கிய அச்சாலையில்தான் மூதறிஞர் ராஜாஜி தம் முதுமைக் காலத்தில் வாழ்ந்தார். சுதந்திர இந்தியாவில் தனிமனிதனின் சொத்துரிமைக்காகவும், அரசின் எல்லை மீறிய தலையீட்டுக்கு எதிராகவும் எழுந்த வலுவான குரல் அவருடையது. 1959 ஜூன் 4 அன்று சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது எண்பது.

கொடை என்பது கொடுப்பவரின் விருப்பமா, பெறுபவரின் உரிமையா? இவ்வினாவுக்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே நீதி, சமூகம், அரசு ஆகியவை பற்றிய நம் கருத்துகள் அனைத்தும் அமைகின்றன. ராஜாஜியின் அரசியல் கொள்கையை இந்த ஒரு வினாவை உரைகல்லாகக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை இப்போது எழுதத் தூண்டியவர் ஒரு மாணவர். அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டே வணிகவியல் பட்டத்துக்கும் படிக்கும் அவர், ‘கஸ்பு’ எனப்படும் அபகரிப்பின் சட்டங்களை நடத்திக்கொண்டிருந்த வேளையில், “ஹஜ்ரத், அரசாங்கம் வரி வாங்குவதும் கஸ்புதானே?” என்று கேட்டார். வகுப்பில் சிரிப்பெழுந்தது. ஆனால் அது சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று. ஏறத்தாழ இதே கேள்வியைக் கேட்டுத்தான் ராபர்ட் நோஸிக் என்னும் அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1974-இல் புகழ்பெற்றார். உழைப்பின் ஊதியத்தின் மீது விதிக்கப்படும் வரியைக் கட்டாய உழைப்புக்கு ஒப்பானதாக அவர் கருதினார். லிபர்டேரியனிசம் என்று மேலைநாட்டார் வழங்கும் இக்கொள்கையைத் தமிழில் தன்னுரிமைவாதம் எனலாம்.

கட்சியின் நியாயங்கள்

முதலில் ராஜாஜியின் தரப்பை அதற்குரிய மதிப்போடு கேட்பது முறை. 1955 ஜனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயமே தன் இலக்கு என அறிவித்தது. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றது. உழவனின் நிலம் அவன் கையை விட்டுப் போகும் என்னும் அச்சமே சுதந்திராக் கட்சி பிறப்பதற்கு உடனடிக் காரணம். ஒரு தொழிலைத் தொடங்க, விரிவாக்க, ஒரு பொருளை இறக்குமதி செய்ய எல்லாவற்றுக்கும் அதிகாரியின் கையொப்பத்தை எதிர்பார்க்கும் நிலையை ‘லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம்’ என்று ராஜாஜி பெயரிட்டுச் சாடினார். அனுமதி வழங்கும் அதிகாரம் ஊழலின் ஊற்றாகும் என்றும், ஆளும் கட்சிக்கும் பெருமுதலாளிக்கும் இடையே கள்ள உறவை வளர்க்கும் என்றும் அவர் எச்சரித்தார். பின்வந்த ஆண்டுகள் அந்த எச்சரிக்கையைப் பொய்யாக்கவில்லை.

இவ்வச்சம் நம் மரபுக்கு அந்நியமானதும் அன்று. இப்னு கல்தூன் 1377-இல் எழுதி முடித்த முகத்திமாவில், அநீதி நாகரிகத்தின் அழிவுக்குக் காரணமாகிறது என்று நிறுவத் தனி அத்தியாயமே வகுத்திருக்கிறார். ஈடின்றிச் சொத்தைப் பறிப்பது மட்டுமே அநீதி என்று எண்ணிவிடலாகாது என்பது அவர் கருத்து. நியாயமற்ற வரி, கூலியற்ற கட்டாய உழைப்பு, ஆட்சியாளரே வணிகத்தில் இறங்கிக் குடிகளோடு போட்டியிடுதல் ஆகியவற்றையும் அவர் அநீதியின் வகைகளாகவே எண்ணுகிறார். தம் உழைப்பின் பயன் தமக்குக் கிட்டாது என்று மக்கள் உணரும்போது உழைப்பே நின்றுபோகிறது என்பது அவர் கண்ட காரணம்.

அதற்கும் முற்பட்ட சான்று நபிமொழியிலேயே இருக்கிறது. மதீனாவில் விலைகள் ஏறியபோது தோழர்கள் விலையை நிர்ணயித்துத் தருமாறு வேண்ட, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. எவருடைய உயிரிலும் பொருளிலும் தாம் அநீதி இழைத்ததாக ஒரு முறையீடு இல்லாத நிலையிலேயே இறைவனைச் சந்திக்க விரும்புவதாகக் காரணமும் கூறினார்கள். அனஸ் (ரலி) வழியாக அபூதாவூதும் திர்மிதியும் இதனைப் பதிவு செய்துள்ளனர். 1952-இல் சென்னை மாகாண முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டையும் ரேஷன் முறையையும் துணிந்து நீக்கினார். இச்செயலை அந்த நபிமொழியோடு இணைத்துப் பார்க்கும் முஸ்லிம் வாசகர் அவர் மீது மதிப்புக் கொள்வது இயல்பே.

ஆயினும் அந்த நபிமொழியோடு நம் அறிஞர்கள் நின்றுவிடவில்லை. வணிகர் சிலர் கூடிச் சதி செய்து பொருளை முடக்கி விலையை ஏற்றும் இடத்தில், நியாய விலைக்கு விற்குமாறு அவர்களைக் கட்டாயப்படுத்தலாம், சில வேளைகளில் கட்டாயப்படுத்தவும் வேண்டும் என்று இப்னு தைமிய்யா ஹிஸ்பா பற்றிய தம் நூலில் வாதிடுகிறார். நபியவர்கள் மறுத்தது வரத்துக் குறைவால் இயல்பாக ஏறிய விலையில் தலையிடுவதை என்பது அவர் தரும் விளக்கம். அரசு தலையிடுவதா என்று கேட்பதற்கு முன், அநீதி யாரால் நிகழ்கிறது என்று கேட்பது ஃபிக்ஹின் முறை. தன்னுரிமைவாதத்திலிருந்து நாம் பிரியும் முதல் இடம் இது.

ஏரியும் வீட்டுமனையும்

நோஸிக்கின் நீதிக் கொள்கை மூன்று கால்களில் நிற்கிறது. ஒரு பொருள் முதன்முதலில் முறையாகக் கைக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். பின்னர் முறையாகக் கைமாறியிருக்க வேண்டும். இவ்விரண்டில் பிழை நேர்ந்திருப்பின் அது திருத்தப்பட வேண்டும். இம்மூன்றும் நிறைவேறிய பின், எவரிடம் எவ்வளவு குவிந்திருந்தாலும் அது நீதியே என்பது அவர் முடிவு. சமூக நீதி என்னும் சொல்லே பொருளற்ற கானல்நீர் என்று 1976-இல் எழுதிய ஹயெக்கும் வேறு வழியில் இதன் அருகே வந்து சேர்கிறார்.

இக்கொள்கையைத் தியாகராய நகரிலேயே வைத்துப் பார்ப்போம். அந்நகர் 1920-களில் உருவானது. அதற்கு முன் மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் இடையே நீளக் கிடந்த பெரிய ஏரி அங்கிருந்தது. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் அந்த ஏரியை வற்றச் செய்து, மனைகளாகப் பிரித்து, குடியிருப்பு எழுப்பினர். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நகரின் மிக விலையுயர்ந்த நிலங்களுள் ஒன்றாக இன்று விளங்கும் அப்பகுதியின் மூலப் பத்திரம், பொது நீர்நிலை ஒன்றை அரசு தன் அதிகாரத்தால் மனைகளாக மாற்றிய செயலில் தொடங்குகிறது. அரசின் தலையீடு இல்லாத தூய தனிச்சொத்து என்று அங்கே எதைக் காட்டுவது?

தரிசு நிலத்தை உயிர்ப்பித்தவருக்கு அது உரியது என்னும் நபிவழிச் சட்டம் நமக்கு இருக்கிறது. உழைப்பைக் கலந்தவருக்கே உடைமை என்று ஜான் லாக் கூறியதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது அது. ஆனால் அச்சட்டம் தனித்து நிற்கவில்லை. நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் பங்காளிகள் என்னும் நபிமொழி அதன் அருகிலேயே நிற்கிறது. அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) என்னும் தோழர் யமனின் மஃரிபிலிருந்த உப்பு நிலத்தைக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். அது வற்றாத நீரூற்றைப் போன்றது, எவரும் உழைப்பின்றி அள்ளிக்கொள்ளத்தக்கது என்று ஒருவர் எடுத்துரைத்தபோது அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முறைப்படி வழங்கப்பட்டது என்பது மட்டும் ஒரு பொருளைத் தனியுடைமை ஆக்கிவிடாது. அப்பொருளின் இயல்பும் பார்க்கப்பட வேண்டும்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தபோது, ஆவணம் உள்ளவரையும் இல்லாதவரையும் அது பிரித்துப் பார்க்கவில்லை. நீர் தேங்க வேண்டிய ஏரிகளையும் தாழ்நிலங்களையும் மனைகளாக்கி விற்ற ஒவ்வொரு விற்பனையும் விற்றவரும் வாங்கியவரும் மனம் ஒப்பிச் செய்ததே. அவர்கள் கணக்கில் வராத மூன்றாமவர் கரையோரக் குடிசையில் இருந்தார். தீங்கிழைத்தலும் தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்னும் நபிமொழியை ஃபிக்ஹு அறிஞர்கள் பொதுவிதியாக்கியதும், அண்டை வீட்டாருக்குரிய முன்வாங்கும் உரிமையாகிய ‘ஷுஃப்ஆ’வைச் சட்டமாக்கியதும் அந்த மூன்றாமவரை மறவாமைக்கே.

திருத்தப்படாத பிழை

நோஸிக்கின் மூன்றாம் கால் மிக முக்கியமானது. ஆனால் அவர் நூலில் அது மிகச் சுருக்கமாகவே பேசப்படுகிறது. பழைய அநீதிகளைத் திருத்துவது எப்படி என்று அவர் விரித்துரைக்கவில்லை. அமெரிக்காவில் அடிமை முறையும் பூர்வகுடிகளின் நிலப்பறிப்பும் அங்கே பதிலின்றி நிற்கின்றன. நம் நாட்டில் அந்த இடத்தில் நிற்பது சாதி.

இதில் ராஜாஜியின் வரலாறு இருமுகம் கொண்டது. 1952-இல் அவருடைய அரசு தஞ்சைக் குத்தகைதாரர்களையும் பண்ணையாள்களையும் காக்க ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. மிராசுதாரர்களின் சொத்துரிமையில் அரசு தலையிட்ட செயல் அது. நீதி அதைக் கோரியது என்பதை அன்று அவர் உணர்ந்தார். மறு ஆண்டிலேயே கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தார். எதிர்ப்பாளர்கள் இட்ட ‘குலக்கல்வித் திட்டம்’ என்னும் பெயரே நிலைத்தது. 1954-இல் அவர் பதவி விலக அதுவே முதன்மைக் காரணமாயிற்று. இருக்கும் பள்ளிகளில் கூடுதல் பிள்ளைகளைச் சேர்ப்பதே தம் நோக்கம் என்றார் அவர். நோக்கத்தை ஐயுறாமலே நாம் ஒன்று கேட்கலாம். தந்தையின் தொழில் என்பது எவ்வகையில் கைக்கொள்ளப்பட்டது? சலவைத் தொழிலாளியின் மகன் தந்தையின் கல்லருகே நிற்பது சுதந்திரமான தேர்வின் விளைவா?

அரசின் கட்டளையைக் கட்டாயம் என்று உடனே அடையாளம் காணும் கண், பிறப்பின் கட்டளையை இயல்பு என்று கடந்துபோகிறது. தன்னுரிமைவாதத்தின் பெருங்குறை இதுவே என்பேன். நம் சட்ட நூல்களில் அபகரிக்கப்பட்ட பொருள் எத்தனை கைமாறினாலும் உரியவரின் உரிமை அதைத் தொடர்ந்து செல்கிறது. அபகரித்த நிலத்தில் தொழும் தொழுகை செல்லாது என்பது ஹன்பலி மத்ஹபில் பிரபலமான கருத்து. வணக்கத்தையே தடுக்கும் வலிமை பழைய அநீதிக்கு உண்டு என்று கருதிய மரபின் வாரிசுகள் நாம்.

தர்மகர்த்தாவா, கடனாளியா?

சுதந்திராக் கட்சியை நோஸிக்கின் கொள்கையோடு முற்றிலும் ஒன்றாக்கிவிடுவது நேர்மையாகாது. அக்கட்சியின் 21 அம்சக் கொள்கை அறிக்கை சமூக நீதியையும் சம வாய்ப்பையும் ஏற்றது. நலிந்தோரைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்றும் ஒப்புக்கொண்டது. செல்வர் தம் செல்வத்துக்குத் தர்மகர்த்தாக்களாய் இருக்க வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்தையும் தழுவியது. ராஜாஜியோ மதுவிலக்கின் உறுதியான காவலர். 1937-இல் சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கியவர். 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது, தொண்ணூற்று இரண்டு வயதில் முதலமைச்சர் கருணாநிதியை நேரில் சந்தித்து வேண்டாமென மன்றாடியவர். தன்னுரிமைவாதி எவரும் அவ்வாறு செய்யமாட்டார்.

தர்மகர்த்தா கொள்கை நமக்கு மிக நெருக்கமானதாகத் தோன்றும். செல்வம் இறைவனுடையது, மனிதன் அதில் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டவன் என்பது அல்ஹதீத் அத்தியாயத்தின் ஏழாம் வசனம் தரும் கருத்து. ஆனால் ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தர்மகர்த்தா தவறினால் என்ன செய்வது என்னும் கேள்விக்கு, அவருடைய மனசாட்சியைத் தட்டியெழுப்புவதைத் தவிர சுதந்திராக் கட்சியிடம் தெளிவான விடை இல்லை. ஜமீன்தார்களும் முன்னாள் மன்னர் குடும்பத்தினரும் ஆலை முதலாளிகளும் அக்கட்சியில் நிறைந்திருந்த நிலையில், அந்த மனசாட்சி எவ்வளவு தூரம் தட்டியெழுப்பப்பட்டது என்பதும் கேட்கத்தக்கதே.

ஃபிக்ஹின் விடை வேறு. ஏழைக்குரிய பங்கைக் குர்ஆன் ‘ஹக்’ என்று குறிக்கிறது. அல்மஆரிஜ் அத்தியாயம் அதனை அறியப்பட்ட உரிமை என்றே கூறுகிறது. ஸகாத் கடமையான கணத்திலேயே அந்தப் பங்கில் ஏழையின் உரிமை நுழைந்துவிடுகிறது. அது பொருளிலேயே ஒட்டுகிறதா, உடையவரின் பொறுப்பில் ஒட்டுகிறதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கடன் என்பதில் வேறுபாடு இல்லை. எனவேதான் ஸகாத்தைத் தர மறுத்தோர் மீது அபூபக்ர் (ரலி) அவர்கள் படை நடத்தினார்கள். ஓர் ஊரின் ஏழைகளைக் காப்பது அவ்வூர்ச் செல்வர் மீது கடமை, ஸகாத் போதாதபோது ஆட்சியாளர் அவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்று இப்னு ஹஸ்ம் தம் அல்முஹல்லாவில் எழுதுகிறார்.

உடைமையாளர் தம் மரண சாசனத்தில் விரும்பியபடி எழுதக்கூடியது மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியது வாரிசுகளின் நிர்ணயிக்கப்பட்ட பங்கு. நோஸிக்கின் கொள்கைப்படி இது சொத்துரிமை மீறல். ஆனால் அவரே 1989-இல் வெளியிட்ட நூலில், வழிவழியாகக் குவியும் வாரிசுச் சொத்தைப் பற்றிக் கருத்து மாறி, ஒருவர் தாமே ஈட்டியதை மட்டும் ஒரு தலைமுறைக்கு விட்டுச் செல்லலாம் என்னும் வரம்பை முன்வைத்தார். உரிமை என்பது எல்லையற்ற ஆட்சி ஆகாது என்பதை அவரும் ஒருவகையில் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளலாம்.

இனி மாணவரின் கேள்விக்கு விடை கூறலாம். ஒருவரிடம் உள்ள பிறருடைய உரிமையைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பது கஸ்பு ஆகாது. அதைத் தடுத்து வைப்பதே கஸ்பு. ஆனால் இவ்விடை அரசுக்கு வழங்கப்படும் வெற்றுக் காசோலை அன்று. ஸகாத்தின் எட்டுச் செலவினங்களைக் குர்ஆனே வரையறுத்துவிட்டது. ஆட்சியாளர் அதை மாற்ற இயலாது. அதற்கு மேற்பட்ட வரிக்குக் கஸ்ஸாலி போன்றோர் கருவூலம் வறண்டிருத்தல் முதலிய கடும் நிபந்தனைகளை விதித்தனர். போருக்காக மக்களிடம் பொருள் திரட்ட ஃபத்வா கேட்ட சுல்தான் பைபர்ஸிடம், முதலில் அரண்மனையின் தங்க அணிகள் கருவூலத்துக்கு வரட்டும் என்று இமாம் நவவி மறுத்துரைத்ததாக வரலாறு கூறுகிறது. ராஜாஜியின் ஐயமும் இப்னு ஹஸ்மின் கண்டிப்பும் நம் மரபில் ஒருங்கே இடம் பெற்றுள்ளன.

நம்மை நோக்கி

1967 தேர்தலில் காயிதே மில்லத் தலைமையிலான முஸ்லிம் லீகும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் தி.மு.க.வின் அணியில் ஒன்றாக நின்றன. சுதந்திராக் கட்சி சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 20 இடங்களையும் மக்களவையில் 44 இடங்களையும் பெற்றது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது அந்த அணியின் தலைமைக் கட்சி தந்த வாக்குறுதி. ரேஷனை ஒழித்தவர் மலிவு அரிசியை வாக்களித்தவர்களோடு கைகோத்தார். ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி அரிசித் திட்டமே நடைமுறைக்கு வந்தது. ராஜாஜி 1972-இல் மறைந்தார். 1974-இல் அவர் கட்சி வேறொரு கட்சியில் கரைந்தது. அரிசி மட்டும் தமிழக அரசியலில் நிலைத்துவிட்டது. பசித்தவரின் உரிமையைப் புறக்கணித்து இங்கே எந்தச் சுதந்திரமும் வேரூன்றாது என்பதே அதன் படிப்பினை.

2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும், செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதன் சில பிரிவுகளை இடைக்காலமாக நிறுத்தி வைத்தபோதும், நம் மேடைகளில் ஒலித்தது பெரும்பாலும் ராஜாஜியின் மொழியே: எங்கள் சொத்தில் அரசுக்கு என்ன வேலை? அந்த அச்சம் நியாயமானது. ஆனால் 2007-இல் தமிழக முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தபோது நாம் பேசியது சமூக நீதியின் மொழி. அரசின் கை நம்மிடமிருந்து எடுக்க வரும்போது தன்னுரிமைவாதிகளாகவும், கொடுக்க வரும்போது சமூகநீதிக் காவலர்களாகவும் நாம் மாறிக்கொள்கிறோம் என்று எவரேனும் குற்றம் சாட்டினால், என்ன சொல்லப் போகிறோம்?

ஹக் என்னும் ஒரே அளவுகோலால் இரண்டையும் அளந்தால் முரண்பாடு நீங்கும். வக்ஃப் என்பது அரசின் சொத்தும் அன்று, நம் சொத்தும் அன்று. வக்ஃபு செய்தவர் அதைத் தம் உடைமையிலிருந்து விடுவித்தது பயனாளிகளுக்காக. அரசு அதில் கை வைத்தால் மீறப்படுவது விதவையின், அநாதையின், மாணவரின் உரிமை. அதே அளவுகோல் நம்மையும் அளக்கும். வக்ஃப் கட்டடத்தில் சந்தை வாடகையில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்யும் வசதியுள்ள முஸ்லிம், அதே விதவையின் உரிமையைத்தான் உண்கிறார். ரமளானில் தன் கடை வாசலில் ஏழைகளை வரிசையில் நிறுத்தி, தன் கருணையை வழங்குவதுபோல் ஸகாத்தை வழங்குபவர், உரிமையைக் கொடையாக மாற்றிவிடுகிறார். கடனைத் திருப்பித் தருபவர் கடன் கொடுத்தவரை வெயிலில் காக்க வைப்பதில்லை.

ராஜாஜி அரசின் கையைக் கூர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நாம் நன்றியோடு ஏற்கலாம். உடையவரின் கையையும் அவ்வாறே கூர்ந்து பார்க்கச் சொல்கிறது நம் மார்க்கம். பஸ்லுல்லா என்னும் பெயரும் அதையே நினைவூட்டுகிறது. வழங்குபவன் அல்லாஹ். நாம் வழியில் இருப்பவர்கள். உரியவரிடம் சேரும்வரை அது நம் கையிலுள்ள பிறர் பொருள்.

அல்லாஹ்வே யாவும் நன்கறிந்தவன்.